கன்னியாவுக்கு எத்தனை பேர்?

முதல் நாள்

கொழும்பிலிருந்து திருகோணமலை பஸ்ஸில் ஏறும்போதே தூறல். வெள்ளவத்தையில் வாங்கிய எள்ளும் தர்ப்பையும் அப்பாவின் பழைய கைப்பைக்குள் இருந்தன. ஐயர் தருவார், கொண்டு போகத் தேவையில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். கேட்கவில்லை. வெறுங்கையோடு போக மனம் வரவில்லை.

அப்பா மாசி மாதம் போய்ச் சேர்ந்தார். திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் பிறந்து, கொழும்பில் நாற்பது வருடத்துக்கு மேல் வாழ்ந்தவர். கடைசிக் காலத்தில் ஊரைப் பற்றி அதிகம் கதைத்ததில்லை. ஒன்றே ஒன்றைத்தான் இரண்டு தரம் சொன்னார்: "முதல் ஆடி அமாவாசையை முகத்துவாரத்தில முடிச்சுப் போடாத. கன்னியாவுக்குப் போ." கொழும்பில் இருக்கும் எங்கள் ஆட்கள் பலர் அமாவாசைக்கு முகத்துவாரக் கடலடிக்குத்தான் போவார்கள். பக்கம், செலவில்லை. ஆனால் அப்பாவின் அப்பாவுக்கு அந்தியேட்டி, அதாவது 31ஆம் நாள் கிரியை, நடந்தது திருகோணமலைக்குப் பக்கத்து வெந்நீர்க் கிணறுகள் இருக்கும் கன்னியாவில். அந்தக் கணக்கு.

ஏழரை மணி நேரம் பஸ். ஹபரணை வரைக்கும் தூங்கிப் போனேன். கந்தளாயில் தேத்தண்ணிக்கு நிறுத்தியபோது இறங்கிக் குளத்தைப் பார்த்தேன். கடல் மாதிரிக் கிடந்தது. எங்கள் வீட்டுக் கதைப்படி இது பழைய மன்னன் குளக்கோட்டன் கட்டிய குளம். திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்கு நெல் விளைய வேண்டும் என்பதற்காகவே வெட்டினான் என்று 'கோணேசர் கல்வெட்டு' என்ற பழைய நூல் சொல்லும். சிங்கள வரலாற்று நூல்களைத் திறந்தால் இரண்டாம் அக்கபோதி மன்னனின் பெயர் வரும். ஒரு குளத்துக்கு இரண்டு தகப்பன்மார். தண்ணீரை இரண்டு பக்கத்து வயலும் குடிக்கின்றன, அந்தமட்டில் சரி.

போன் வரைபடத்தில் 'கன்னியா' என்று போட்டால் இரண்டு தரம் 'கிண்ணியா' என்று காட்டியது. கிண்ணியா குடாவுக்கு அந்தப் பக்கம், முஸ்லிம் ஊர். கன்னியாவோ திருகோணமலை நகரிலிருந்து அநுராதபுரம் வீதியில் ஏறக்குறைய எட்டுக் கிலோமீற்றர். வெளியூர் ஆட்கள் மாறிப் போய் இறங்கிய கதைகள் இங்கே ஏராளம் என்று பெரியப்பா பிறகு சொன்னார். பெரியப்பா ஓய்வுபெற்ற தபாலதிபர். பெயரும் விலாசமும் பிழைத்தால் அவருக்குப் பிடிக்காது. இந்தப் பயணம் முழுக்க அந்தக் குணத்தோடுதான் நான் திரிய வேண்டியிருந்தது.

இரண்டாம் நாள்

காலையிலேயே கோணேசர் கோயில். அமாவாசைக்கு இன்னும் இரண்டு நாள். "முதலில் அவரிடம் சொல்லிவிட்டுத்தான் மற்ற அலுவல்" என்றார் பெரியப்பா. வயது எழுபத்தெட்டு. மேட்டில் என்னைவிட வேகமாக ஏறினார்.

கோயிலுக்குப் போகிற வழியே ஒரு கோட்டைக்குள்ளால். உலகத்தில் வேறு எத்தனை கோயில்களுக்கு இப்படியோ தெரியாது. பிரெட்ரிக் கோட்டை வாசலைத் தாண்டி, இராணுவ முகாமைத் தாண்டி, புள்ளிமான்கள் குப்பைத் தொட்டியைக் கிண்டிக்கொண்டு நிற்பதைத் தாண்டித்தான் சுவாமிமலை உச்சிக்குப் போகலாம். வாசல் தூணில் பதித்த கல்லைப் பெரியப்பா தொட்டுக் காட்டினார். மீன் இலச்சினையும் தமிழ் எழுத்தும் உள்ள கல். எழுத்து பாதி சிதைந்துவிட்டது. சிதைந்ததை ஊர் வாய் நிரப்பி வைத்திருக்கிறது: "முன்னே குளக்கோட்டன் மூட்டு திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே…" குளக்கோட்டன் கட்டியதைப் பறங்கி உடைப்பான் என்ற தீர்க்கதரிசனம். 1622–24இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா உடைத்தான். உடைத்த கல்லை வீணாக்காமல் அதே இடத்தில் கோட்டையையும் கட்டினான். அதாவது நாங்கள் நுழைகிற வாசலே கோயிலின் கல். தீர்க்கதரிசனம் உடைப்புக்கு முன்பே எழுதப்பட்டதா பிறகா என்று பெரியப்பாவிடம் கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அதன் பிறகு ஒல்லாந்தர், அதன் பிறகு ஆங்கிலேயர். கோயில் இல்லை, ஆனால் பாறை இருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் பூசகர் ஒருவர் பாறை விளிம்பில் நின்று கீழே கடலுக்குப் பூவும் பழமும் தூவிப் பூசை செய்ததை அக்காலத்து வெள்ளைக்காரர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு இந்தப் படம் மனதை விட்டுப் போகாது. கட்டடம் இல்லை, விக்கிரகம் இல்லை. கோட்டைக்காரன் விட்டால் உண்டு, விடாவிட்டால் இல்லை என்ற பூசை.

1950இல் நகரசபை கிணறு வெட்டும்போது நிலத்துக்குள்ளிருந்து வெண்கல விக்கிரகங்கள் கிளம்பின. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் பாறைக்குக் கீழே கடலில் மூழ்கிப் பழைய கோயிலின் தூண்களைக் கண்டார்கள். இன்றைய கோயில் அதன் பிறகு எழும்பியது. ஆகவே வெளியூர்க்காரர் வந்து, "இது புதுக் கட்டடம்தானே" என்று சொன்னால் பெரியப்பாவுக்கு நெற்றி நரம்பு புடைக்கும். "வீட்டை எரிச்சவன் வந்து 'உன்ர வீடு புதுசு' எண்டு சொல்லுறான்."

உள்ளே நல்ல கூட்டம். பாதிக்கு மேல் சிங்களவர். குருநாகலிலிருந்து வந்த ஒரு குடும்பம் தேங்காய்த் தட்டுடன் வரிசையில் நின்றது. விளிம்பு மரத்தில் கட்டியிருந்த சின்ன மரத்தொட்டில்களில் சிங்களப் பெயர்கள் எழுதிய துண்டுகளும் தொங்கின. பிள்ளை வரம் கேட்கிறவர்களுக்கு இது யாருடைய மலை என்ற கேள்வி இல்லை. ஆனால் இந்தக் காட்சியைக் காட்டி, "பார், பிரச்சினையே இல்லை" என்று சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிக்காது. கும்பிடுகிறவர்களுக்கு இடையில் சண்டை இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. சண்டை வேறு இடத்தில்.

பெரியப்பா விளிம்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நிரைகழ லரவஞ் சிலம்பொலி யலம்பும்" என்று தொடங்கினார். குரல் உடைந்து, காற்று பாதியைக் கொண்டு போனது. சம்பந்தர் இங்கே வந்ததில்லை. இராமேஸ்வரத்தில் நின்றுகொண்டே பாடினார் என்பது மரபு. "குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்" என்று வராமலே எப்படிச் சரியாகச் சொன்னார் என்று ஒவ்வொரு முறையும் பெரியப்பா வியப்பார். வந்தவர்கள் யாரோ போய்ச் சொல்லியிருப்பார்கள் என்பது என் எண்ணம். ஏழாம் நூற்றாண்டிலேயே அக்கரையில் பெயர் தெரிந்த கோயில் என்பதற்கு அதுவே போதும்.

இறங்கி வரும்போது கோட்டைக்குள்ளிருக்கும் கோகண்ண விகாரையின் பக்கம் திரும்பினோம். மறுபக்க வாதம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. மகாசேனன் என்ற மன்னன் கோகண்ண விகாரையைக் கட்டினான் என்று மகாவம்சம் சொல்கிறது. ஆகவே இந்த மலையே முதலில் பௌத்தருடையது என்பார்கள். அதே வரியில் அவன் தேவர்களின் கோயில்களை அழித்துவிட்டுத்தான் விகாரைகளைக் கட்டினான் என்றும் இருக்கிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் பாதி வரியோடு நிறுத்திவிடுவார்கள். நாங்களும் எங்கள் கல்வெட்டில் அப்படித்தான் செய்வோம், அது வேறு.

மரத்தடிக் கதிரையில் இருந்து சோடா குடித்தபடி 1968 கதையைச் சொன்னார். அப்போது அவருக்கு இருபது வயது. பிரதமர் டட்லி சேனநாயக்கவின் அரசில் தமிழரசுக் கட்சியும் சேர்ந்திருந்தது. அந்தக் கட்சியின் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சர். கோணேசர் கோயில் சூழலைப் புனிதப் பிரதேசமாக்கலாமா என்று ஆராய அவர் ஒரு குழு அமைத்தார். ஒரு பிக்கு பிரதமருக்கு எழுத, பிரதமர் அமைச்சரைக் கேட்காமலே குழுவை நிறுத்திவிட்டார். திருச்செல்வம் பதவியை விட்டார். பிறகு கட்சியே அரசை விட்டு வெளியேறியது.

"கோயிலைத் தா எண்டு கேட்கேல்லை தம்பி. சுத்துவட்டாரத்தைப் புனிதமெண்டு சொல்லலாமா எண்டு யோசிக்க ஒரு குழு. யோசிக்கவே விடேல்லை."

சோடாப் போத்தலைத் திருப்பிக் கொடுக்க எழுந்தவர், திரும்பிப் பார்த்து, "குழுவுக்குத் தபால் எங்க போடுறதெண்டு கூட விலாசம் வந்தது" என்றார். அவருக்கு அதுதான் மறக்கவில்லை.

மூன்றாம் நாள்

இன்று எங்கும் போகவில்லை. அத்தை வீட்டில் ஆயத்தம். மத்தியானம் சந்தைக்குப் போய்க் காத்தோட்டிக்காய் தேடினேன். ஆடி அமாவாசைப் படையலுக்கு அது இல்லாமல் முடியாது, வருடத்தில் இந்த ஒரு நாளுக்குத்தான் அந்தக் கசப்புக் காய்க்கு மரியாதை. இரண்டு மடங்கு விலை. வாங்கினேன்.

சந்தைக்குப் போகிற வழியில் பஸ் நிலையத்தடி. 2005 மே மாதம் ஓர் இரவில் அங்கே ஒரு புத்தர் சிலை முளைத்தது. விடிந்ததும் கடையடைப்பு, கலவரம். அந்தச் செய்தியை அப்பா வெள்ளவத்தை வீட்டில் வானொலிக்குக் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. இருபது வருடம் கழித்து, 2025 நவம்பரில், கடற்கரையோர விகாரை ஒன்றில் அதே மாதிரிக் கதை: சிலையை வைத்தார்கள், பொலிசார் இரவில் எடுத்தார்கள், மறுநாள் திரும்பவும் வைத்தார்கள். இந்த ஊரில் எதுவும் பகலில் தொடங்குவதில்லை போலும்.

பின்னேரம் கன்னியாவைப் பற்றிக் கேட்டேன். அப்பா என்னைச் சின்ன வயதில் கூட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள், எனக்கு நினைவில் இருப்பது ஒரு வாளியும் சுட்ட முதுகும்தான்.

கதை எல்லோருக்கும் தெரிந்தது. இராவணன் தன் தாய்க்காகக் கோணேசர் மலையைப் பெயர்க்கப் பார்த்தான். அந்த வெட்டு இன்றைக்கும் பாறையில் இருக்கிறது. அவனைத் தடுக்க விஷ்ணு முதிய அந்தணராக வந்து, "உன் தாய் இறந்துவிட்டாள்" என்றார். கிரியை செய்யத் தண்ணீர் வேண்டும் என்று நிலத்தில் ஏழு இடத்தில் குத்த, ஏழு வெந்நீர்க் கிணறு. ஊரில் இறந்தவர்களின் 31ஆம் நாள் கடமையை இங்கே வந்து கழிக்கும் வழக்கத்துக்கு அந்த மகன்தான் முன்னோடி. அரக்கன் என்று ஊரெல்லாம் ஏசினாலும் தாய்க்குச் செய்த கடனில் அவனை யாரும் குறை சொன்னதில்லை.

கிணறுகள் நீண்ட காலம் உள்ளூர்ச் சபையின் பொறுப்பில் இருந்தன. 2011இல் தொல்பொருள் திணைக்களத்தின் கைக்கு வந்தன. புதுப் பலகை வந்தது. அதில் அநுராதபுரக் காலத்துப் பௌத்த மடத்தின் எச்சம் என்று இருந்தது, இராவணனைக் காணோம். கிணற்றடியில் ஒரு பழைய பிள்ளையார் கோயில், இடிந்த நிலையில். நிலம் பக்கத்து மாரியம்மன் கோயில் தர்மகர்த்தாக்களுடையது. 2019இல் பிள்ளையார் இருந்த மேட்டை உடைத்துப் பௌத்தத் தாதுகோபம் கட்டும் வேலை தொடங்கியபோது பிரச்சினை வெடித்தது. ஜூலை 16ஆம் திகதி ஆட்கள் திரண்டு போனார்கள். முன்னால் போன தென்கயிலை ஆதீன முதல்வர் அகத்தியர் அடிகளார் மீதும் நிலத்துக்கு உரித்தான அம்மா மீதும் சுடுதேநீரை எறிந்தார்கள்.

"வெந்நீர்க் கிணத்தடிக்குப் போனவர்களுக்குச் சுடுதேத்தண்ணி" என்றாள் அத்தை, தேங்காய் துருவிக்கொண்டே. சிரிக்கவில்லை.

ஒரு வாரத்துக்குள், ஜூலை 22ஆம் திகதி, திருகோணமலை மேல் நீதிமன்றத்தில் நீதிபதி மா. இளஞ்செழியன் இடைக்காலத் தடை வழங்கினார். கட்டும் வேலையை நிறுத்த வேண்டும், வழிபட வருகிறவர்களைத் தடுக்கக் கூடாது. சட்டத்தரணி சுமந்திரன் வாதாடினார். அத்தையின் பக்கத்து வீட்டில் அன்றைக்குப் பொங்கல் வைத்தார்களாம். அதற்கு அடுத்த வருடமே, 2020 ஜூனில், கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுரிமைக்கென்று ஜனாதிபதி செயலணி ஒன்று வந்தது. பாதுகாப்புச் செயலாளர் தலைவர். தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாய் இருக்கும் மாகாணத்துக்கு அமைத்த செயலணியில் ஆரம்பத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. பழைய செங்கல்லைப் பார்க்கப் பாதுகாப்புச் செயலாளர் எதற்கு என்று நான் கேட்டதற்குப் பெரியப்பா, "செங்கல்லைப் பார்க்க இல்லைத் தம்பி" என்றார்.

எனக்கும் அவருக்கும் இரவு சின்ன வாக்குவாதம். யார் முதலில் வந்தார்கள் என்று தோண்டிக்கொண்டே போவதில் பயனில்லை, ஆயிரம் வருடத்துக்கு முந்திய செங்கல் நாளைக்கு ஈர வேட்டியோடு நிற்கப் போகிற எனக்கு என்ன செய்யும், யாரைக் கேட்டுக்கொண்டு உள்ளே போகிறோம் என்பதுதான் கேள்வி என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பலகை எழுதுறவன் கையிலதான் திறப்பும் இருக்கும். விலாசத்தை மாத்தினால் உன்ர கடிதம் உனக்கு வராது. நாப்பது வருசம் பார்த்த வேலை எனக்கு."

விளக்கை அணைத்த பிறகும் அவர் அறையிலிருந்து இருமல் கேட்டுக்கொண்டிருந்தது.

நான்காம் நாள்: ஆடி அமாவாசை

நாலரைக்கு எழும்பினோம். ஓட்டோ சொல்லி வைத்திருந்தது. ஓட்டுகிறவர் கிண்ணியாக்காரர். பெரியப்பாவை ஐயா என்பார், என்னைத் தம்பி என்பார். முஸ்லிம் அண்ணன்மாரைக் கூப்பிடுகிற மாதிரி நான் அவரை 'நானா' என்றேன். "கிண்ணியாக்காரன் கன்னியாவுக்கு ஓட்டுறன், மேப்புக்குச் சரியாக் குழம்பும்" என்றார். ஆக, அந்தப் பகிடி எனக்கு மட்டும் தோன்றியதல்ல.

இருட்டில் அநுராதபுரம் வீதி. நானா கதைத்துக்கொண்டே வந்தார். புல்மோட்டையில் அவருடைய மச்சானுக்குக் காணி. மலையடியில் பழைய கல் இருக்கிறது என்று அளக்க வந்தார்களாம். "எங்கட வாப்பா காலத்துக் காணி. இப்ப கல்லுக்கு உரிமை கூட, மனிசனுக்குக் குறைவு." பெரியப்பா வழக்கமாக இப்படியான பேச்சில் புகுந்துவிடுவார். இன்று பேசாமல் இருந்தார். மடியில் அப்பாவின் படம்.

போய் இறங்கும்போது வானம் வெளுக்கவில்லை, ஆனாலும் ஆட்கள் நிறைய. வேட்டி கட்டிய மகன்மார், ஈரச் சேலையோடு தாய்மார், எள்ளு மணம். வழியில் பலகை. அதன் பக்கத்தில் டிக்கெட் கொடுக்கும் இடம். உள்ளே ஒரு இளம் பொடியன், தூக்கம் தெளியாத முகம்.

"எத்தனை பேர்?" என்றான், தமிழில்தான்.

நான் காசை எடுத்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார்.

"நாலு பேர்" என்றார். "ஒராளுக்கு டிக்கெட் தேவையில்லை."

பொடியன் எங்களை எண்ணினான். பெரியப்பா, அத்தை, நான். மூன்று. மறுபடியும் எண்ணினான். பெரியப்பா படத்தைத் திருப்பிப் பிடித்தார். கண்ணாடிக்குள் அப்பா, கல்யாண வீட்டுக்கு எடுத்த படம், டை கட்டிச் சிரித்துக்கொண்டு.

பொடியனுக்குச் சங்கடம். யாரையும் திரும்பிப் பார்க்காமல், "போங்க ஐயா" என்றான். காசு வாங்கவில்லை.

எனக்கு நெஞ்சு நிறைந்தது. நல்ல பொடியன் என்றேன். பெரியப்பாவின் முகம் இறுகியிருந்தது.

"நல்லவன்தான். அவன் விட்டான், போனம். நாளைக்கு வேறொருத்தன் இருந்து விடாட்டி? தமையன்ர கடனைத் தம்பிக்குச் செய்ய நான் ஒருத்தன்ர இரக்கத்தில நிக்கிறன்." வார்த்தை குளறிவிட்டது. தம்பியின் கடனை என்று சொல்ல வந்தார். அத்தை அவருடைய முழங்கையைத் தொட்டாள்.

நேற்றிரவு நான் சொன்னதையே அவர் இன்று சொல்கிறார் என்று எனக்குத் தோன்றியது. சொல்லிக் காட்டுகிற நேரமில்லை.

ஐயர் மரத்தடியில் வரிசையாக ஆட்களை இருத்தினார். ஒரே மூச்சில் பத்துக் குடும்பத்துக்கு மந்திரம். கோத்திரம் கேட்டார், எனக்குத் தெரியாது, "சிவகோத்திரம் எண்டு சொல்லு" என்று பின்னாலிருந்து அத்தை. பிண்டம் பிடித்து, எள்ளும் தண்ணீரும் விட்டேன். அப்பாவின் பெயரை மூன்று தரம் சொல்ல வேண்டும். மூன்றாவது தரம் வரவில்லை. ஐயர் காத்திருந்தார், அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் இருந்தவர் தன் தோள் துண்டைத் தந்தார்.

பிறகு கிணறு. ஏழும் சின்னச் சின்னச் சதுரங்கள், நெஞ்சளவு ஆழம்கூட இல்லை, அடியில் கூழாங்கல் தெரியும். வாளியால் அள்ளித்தான் ஊற்ற வேண்டும். ஒவ்வொன்றும் வெவ்வேறு சூடு. ஒன்று இளஞ்சூடு, அடுத்தது அதைவிடக் கொஞ்சம், பிறகு ஒன்றில் முதல் வாளி 'ஐயோ' என்று வந்தது. கொதிக்கிற தண்ணீர் அல்ல, ஆனால் விடியற்காலைக் குளிரில் தோளுக்குச் சுளீர் என்றிருக்கும். எரிமலை எதுவும் இல்லை. மழைத்தண்ணீர் பாறை வெடிப்புகளால் ஆழத்துக்குப் போய், பூமிச் சூட்டில் காய்ந்து, வேறு வெடிப்பால் திரும்பி வருகிறது. மகாஓயாவில் இதைவிடச் சூடான ஊற்று உண்டு. ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஏழும் ஏழு விதமாய் இருப்பதை எந்த விளக்கம் படித்துவிட்டுப் போனாலும் உடம்பு ஆச்சரியப்படத்தான் செய்கிறது.

ஒரு சிங்களத் தாய், தோலில் சொறியோடு ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நின்றாள். எந்தக் கிணற்றில் தொடங்குவது என்று கையால் கேட்டாள். அத்தை தன் அரைகுறைச் சிங்களத்தில், "மே… இஸ்செல்லா மே" என்று சூடு குறைந்ததைக் காட்டினாள். பிறகு வாளியை வாங்கி அந்தப் பிள்ளைக்குத் தானே ஊற்றத் தொடங்கிவிட்டாள். பிள்ளை கத்தியது. தாய் சிரித்தாள். பெரியப்பா ஈரத்தலையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், "தலையில ஊத்தாதே, தடிமன் பிடிக்கும்" என்று தமிழில் சத்தம் போட்டார்.

பிள்ளையார் இருந்த மேட்டைத் தூரத்திலிருந்தே காட்டினார். கிட்டப் போகவில்லை. கும்பிட்டார். நானும்.

வெளியே வந்து ஓட்டோவில் ஏறியதும், "இன்னும் கொஞ்சத் தூரம் போவம்" என்றார் பெரியப்பா. நானா வியந்தார். ஈர உடுப்போடு அதே வீதியில் மேலே போய், காட்டுப் பாதையில் திரும்பி, பெரியகுளத்தடி வெல்கம் விகாரைக்குப் போனோம். ஊர்த் தமிழர் இதை நாதனார் கோயில் என்பார்கள். சோழர் ஆண்டபோது இதற்கு இராசராசப் பெரும்பள்ளி என்று பெயர். பௌத்தப் பள்ளிதான். சோழர்கள் இடிக்கவில்லை, பெயர் வைத்து வளர்த்தார்கள். தொல்லியலாளர் பரணவிதான 1953இல் தோண்டியபோது தமிழ்க் கல்வெட்டுகள் கிடைத்தன. அணையா விளக்குக்குப் பசுவும் காசும் கொடுத்த கணக்கு, இராசராசன், இராசேந்திரன் ஆட்சி ஆண்டுகளோடு. கொடுத்தவர்களில் தமிழ்ப் பெயர்கள்.

அந்த நேரத்தில் அங்கே வேறு யாருமில்லை. நிற்கிற புத்தருக்கு முன்னால் யாரோ வைத்த நீலோற்பலம். பெரியப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கல்லுக்குக் கிட்டக் குனிந்து எழுத்துக் கூட்டினார். ஓர் எழுத்து பிடிபட்டால் விரலால் தடவுவார், பிறகு தொடக் கூடாது என்று நினைவு வந்து கையை எடுப்பார்.

இந்த இடத்தைப் பற்றி இரண்டு பக்கமும் அதிகம் வாய் திறப்பதில்லை. பௌத்தம் என்றால் சிங்களம் என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் கல் தொல்லை. பௌத்தச் செங்கல் கிளம்பினால் உடனே இல்லை என்று மறுக்கிற எங்களுக்கும் தொல்லைதான். கன்னியாவில் நாளைக்கே தோண்டிப் பௌத்த எச்சம் கிடைத்தால் என்ன? அது தமிழ்ப் பௌத்தனுடையதாகவும் இருக்கலாம். அப்படிக் கிடைத்தாலும் என் அப்பாவுக்குத் தண்ணீர் ஊற்ற எனக்கிருக்கும் உரிமை ஏன் குறைய வேண்டும்? பெரியப்பாவிடம் இதைச் சொன்னேன்.

"அதுக்குத்தான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தனான்" என்றார். "ஆனால் பார், ஒரே இடத்துக்கு மூண்டு விலாசம். கடிதம் எந்த விலாசத்துக்குப் போட்டாலும் வந்து சேர வேணும். அப்பதான் அது தபால்கந்தோர்."

வீட்டுக்கு வரப் பத்து மணி. படையலில் காத்தோட்டிக்காய்க் கசப்பு மற்ற எல்லாக் கறியையும் தோற்கடித்திருந்தது. மதிலில் சோறு வைத்துக் காகத்தைக் கூப்பிட்டோம். காகம் எங்கள் மதிலைப் பார்த்தது, பக்கத்து வீட்டு மதிலுக்குப் போனது. அங்கே வடை அதிகம். "உன்ர அப்பனும் அப்பிடித்தான்" என்றாள் அத்தை. அன்று முதல் தரம் எல்லோரும் சிரித்தோம்.

ஐந்தாம் நாள்

திரும்பும் பஸ். அத்தை கன்னியாத் தண்ணீர் ஒரு போத்தல் தந்திருந்தாள். மூடி சரியாக இறுக்கவில்லை, கந்தளாய் வருவதற்குள் கைப்பை அடி நனைந்துவிட்டது. உள்ளே மிஞ்சிய தர்ப்பையும் சேர்ந்து ஈரம்.

ஹபரணைக்குக் கிட்டப் பெரியப்பா போன் எடுத்தார். இரவு முழுக்க யோசித்தாராம்.

"அடுத்த வருசம் டிக்கெட்டை எடுத்திட்டே போவம். காசு குடுத்தவனெண்டால் கேள்வி கேட்கலாம்."

அவருக்குப் பின்னால் அத்தையின் குரல் கேட்டது: "நேற்றுக் காசு குடுக்கக் கூடாதெண்டு சண்டை பிடிச்சது ஆர்?"

"அது வேற" என்றார் பெரியப்பா. "குடுக்காமலும் கேட்கலாம். நான் யோசிச்சுச் சொல்லுறன்—"

காட்டுப் பகுதி. சிக்னல் போய்விட்டது.